கறிவேப்பிலைச் சாடி உள்ளே போகும் கிழமை

ஏப்ரலில் பனி கரையத் தொடங்கியதும் தொலைபேசி ஓயாது. "தம்பி, பக்கத்து வீட்டுப் புல்லு பச்சையாய் நிக்குது, எங்கட மட்டும் மஞ்சளாய்க் கிடக்கு. வந்து ஏதாவது போட்டுவிடுமன்." ஸ்காபரோவில் தொடங்கி மார்க்கம், ஏஜாக்ஸ் வரை, ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்து வீடுகளின் புற்றரைகளைப் பராமரிப்பது என் தொழில். இந்தக் கேள்விக்கு நான் சொல்கிற பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பச்சை போன செப்டெம்பரிலேயே மண்ணுக்குள் போய்விட்டது. ஏப்ரலில் நான் என்ன போட்டாலும் அதற்கு ஈடாகாது.

செப்டெம்பரின் முதல் திங்கள் இங்கே தொழிலாளர் தினம். மறுநாள் பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள், கோடை முடிந்தது என்று ஊரே முடிவு கட்டிவிடும். என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அந்தக் கிழமையில்தான் "இனி அடுத்த வருசம் பார்ப்பம்" என்று சொல்வார்கள். எனக்கோ வருடத்தின் மிக முக்கியமான பத்துக் கிழமைகள் அன்றுதான் தொடங்கும்.

காரணம் புல்லின் பிறப்பில் இருக்கிறது. ஊரில் நாங்கள் பார்த்து வளர்ந்தது அறுகு. வெயில் ஏற ஏறப் படரும், குளிரைக் கண்டால் ஒடுங்கும். இங்குள்ள முன்வளவுகளில் இருப்பவை கென்டக்கி புளூகிராஸ், ரைகிராஸ், ஃபெஸ்க்யூ. எல்லாம் குளிர்நாட்டுப் புற்கள். ஜூலையில் வெப்பம் 30 பாகையைத் தாண்டி மழையும் இல்லாவிட்டால் இவை வளர்ச்சியை நிறுத்திவிட்டு உறங்கும். ஓகஸ்ட் கடைசியில் இரவுகள் குளிரத் தொடங்கும், மண் மட்டும் கோடையின் சூட்டை வைத்திருக்கும். அந்த இடைவெளியில்தான் புல் விழிக்கிறது. மண்ணின் வெப்பம் 10 முதல் 18 பாகை வரை இருக்கும்போது வேர் மிக நன்றாக ஓடும். ஒக்ரோபரில் மேலே இலை வளர்வது அடங்கிவிட்டாலும் மண் உறையும்வரை கீழே வேலை நிற்பதில்லை. நெல்லைப் போலவே இதுவும் இந்தக் காலத்தில் தூர் கட்டும். வசந்தத்தில் முளைவிடத் தேவையான மாச்சத்தை மண்மட்டத்தில் இருக்கும் குருத்தடியில் சேர்த்து வைக்கும்.

இந்த நாட்டுக் காலநிலைக்கு எங்கள் ஆட்களின் வீடுகளில் நம்பகமான ஒரு மணிக்கூடு உண்டு. கோடை முழுக்கப் பின்வளவில் நிற்கும் கறிவேப்பிலைச் சாடி, இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது வீட்டுக்குள் போகும். பெரும்பாலும் செப்டெம்பர் கடைசியில். கறிவேப்பிலை நடுங்குகிற அந்தக் கிழமை புளூகிராஸுக்குச் சொர்க்கம். ஆனால் விதைப்பவனுக்கு அது கடைசி மணி. அதனால் வாடிக்கையாளர்களிடம் திகதி சொல்வதை விட்டுவிட்டேன். "அக்கா, கறிவேப்பிலையை உள்ளே எடுக்கிறதுக்கு முதல் என்னைக் கூப்பிடுங்கோ" என்று சொன்னால் யாரும் மறப்பதில்லை.

என்னை இந்தத் தொழிலுக்குள் எடுத்தவர் இத்தாலியிலிருந்து வந்து இங்கே ஆயுள் முழுக்க மண்ணில் வேலை செய்த ஒரு பெரியவர். உரம், விதை எதைப் பற்றியும் பேசுமுன் அவர் காற்சட்டைப் பையிலிருந்து நீண்ட ஸ்க்ரூட்ரைவர் ஒன்றை எடுப்பார். மழை பெய்த மறுநாள் அதைப் புற்றரையில் கையால் அழுத்திக் குத்துவார். பிடிவரைக்கும் இறங்கினால் மண் நலம். இரண்டு அங்குலத்தில் நின்றுவிட்டால், "முதலில் மண்ணைத் திற, பிறகு மற்றதெல்லாம்" என்பார். அவர் காட்டிய சோதனையை விஞ்சிய ஒன்றை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

புதிய குடியிருப்புகளில் ஸ்க்ரூட்ரைவர் அநேகமாக இரண்டு அங்குலத்தில்தான் நிற்கும். வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்து ஒதுக்குவார்கள். கனரக வாகனங்கள் மாதக்கணக்கில் ஓடி அடியிலுள்ள களிமண்ணை இறுக்கிவிடும். கடைசியில் நாலைந்து அங்குல மண்ணைப் பரப்பி, அதன்மேல் சுருளாக வரும் புற்பத்தையை விரித்துவிட்டுப் போவார்கள். முதல் வருடம் வெகு அழகாக இருக்கும், ஏனென்றால் பண்ணையில் வளர்ந்த வேரின் பலம் அப்போதும் அதில் இருக்கிறது. மூன்றாம் வருடம் வேர் களிமண்ணைத் தொட்டு நின்றுவிடும். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், ஒரு கிழமை காய்ந்தால் புல் கருகும். வீட்டுக்காரர் உரம்போட்டுக் களைத்திருப்பார். பட்டினி கிடக்கிற புல்லுக்குத்தான் உரம் வேண்டும். இங்கே மூச்சுவிட முடியாமல் கிடக்கிறது.

ஆகவே செப்டெம்பரின் முதல் வேலை ஏரேஷன். இயந்திரத்தில் அரை அங்குல விட்டமுள்ள குழாய்ப் பற்கள் இருக்கும். அவை இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்கு இறங்கி, விரலளவு மண்கட்டிகளை வெளியே இழுத்துப் போடும். காய்ந்த மண்ணில் பல் இறங்காது, சேற்றில் குழாய் அடைத்துக்கொள்ளும். முதல்நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு மறுநாள் ஓட்டுவதே சரி. நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை. தெளிப்பான்களின் தலைகளுக்கும், ஆழமில்லாமல் புதைத்திருக்கும் தொலைக்காட்சிக் கம்பிகளுக்கும் முன்கூட்டியே சிறு கொடி நட்டுவிடுவேன்.

மண்கட்டிகளை அள்ளிக்கொண்டு போகச் சொல்லிப் பலர் கேட்பார்கள். நான் அள்ளுவதில்லை. இரண்டு கிழமையில் மழையில் கரைந்து அவை புல்லுக்கிடையில் இறங்கிவிடும். அந்த மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள்தான் புல்லின் அடியில் சேர்ந்திருக்கும் செத்த தண்டு, வேர் மெத்தையைத் தின்று தீர்க்கும். அந்த மெத்தை அரை அங்குலத்துக்குமேல் தடித்தால் தண்ணீரும் உரமும் மண்ணுக்குப் போகாது. பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அது குளிர்கால வீடாகும். செருப்பில் மாட்டி நடக்கிற முள் அட்டைகளைக் கடைகளில் விற்கிறார்கள். முள் மண்ணை எடுப்பதில்லை, பக்கவாட்டில் தள்ளி இன்னும் இறுக்குகிறது. அதற்குச் செலவழிக்கும் பணத்துக்கு நல்ல கொம்போஸ்ட் மண் வாங்கலாம்.

துளை திறந்த அன்றே விதை. நூறு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ, அதன்மேல் அரைச் சென்ரிமீட்டர் கனத்துக்கு கொம்போஸ்ட். மண்ணைத் தொடாத விதை குருவிக்குத்தான். மலிவு மூட்டைகளில் ஒருவருட ரைகிராஸ் கலந்திருக்கும். அது மளமளவென்று முளைத்து, கண்ணுக்குக் குளிர்ச்சி காட்டி, பனியோடு செத்துப்போகும். மூட்டையின் பின்பக்கச் சீட்டைப் படிக்காமல் நான் விதை வாங்குவதில்லை. மேப்பிள் மர நிழலுக்கு மெல்லிய ஃபெஸ்க்யூ, பிள்ளைகள் பந்தடிக்கிற பின்வளவுக்கு ரைகிராஸ் கூடிய கலவை, வெயில் விழும் முன்வளவுக்குப் புளூகிராஸ்.

விதைப்பு தோற்பது பெரும்பாலும் தண்ணீரில்தான். ரைகிராஸ் ஐந்து முதல் பத்து நாளில் முளைக்கும், ஃபெஸ்க்யூவுக்கு ஒன்று இரண்டு கிழமை, புளூகிராஸுக்கு இரண்டு முதல் நாலு கிழமை. ஒரு கிழமையில் பச்சை தெரிந்ததும் "முளைச்சிட்டுது" என்று குழாயைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். அப்போது முளைத்திருப்பது ரைகிராஸ் மட்டும். நிலத்தடித் தண்டால் படர்ந்து வெற்றிடத்தை மூடக்கூடிய புளூகிராஸ், மண்ணுக்குள் வாய் திறந்த நிலையில் காய்ந்து சாகும். மேல்மண் ஈரம் மாறாமல் தினமும் இலேசாக நனைக்கவேண்டும், நாலு கிழமைக்கும். ஓகஸ்ட் நடுவிலிருந்து செப்டெம்பர் 20 வரைக்குள் விதைத்தால் பனிக்கு முன் இளம்புல்லை இரண்டு மூன்று தடவை வெட்ட முடியும். அப்படி வெட்டுப்பட்ட புல்தான் குளிரைத் தாங்கும். வசந்தத்தில் விதைக்கலாமே என்பார்கள். வசந்தத்தில் நண்டுப்புல்லும் சேர்ந்து முளைக்கிறது, வேர் ஆழம் போகுமுன் ஜூலை வந்துவிடுகிறது.

செப்டெம்பர் காலைகளில் சில வீடுகளில் வேறொரு காட்சி. இரவோடிரவாக யாரோ புற்றரையைப் பிய்த்துச் சுருட்டி ஒதுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். ரக்கூனும் ஸ்கங்க்கும் செய்த வேலை. அவற்றைத் துரத்த மிளகாய்த்தூள் தூவிய வீடுகளையும் பார்த்திருக்கிறேன். விலங்குகள் மேல் கோபப்படுவதில் பயனில்லை. தின்பதற்கு அடியில் ஏதோ இருக்கிறது என்ற செய்தியை அவை எங்களுக்குச் சொல்கின்றன. அந்த ஏதோ, வேர்ப்புழு. ஐரோப்பிய சேஃபர், ஜப்பான் வண்டு, ஜூன் வண்டு ஆகியவற்றின் குஞ்சுகள். கோடையில் இட்ட முட்டை பொரித்து, ஓகஸ்ட் முதல் ஒக்ரோபர் வரை வேரைத் தின்று கொழுத்து, குளிருக்கு ஆழத்தில் இறங்கி, வசந்தத்தில் மறுபடி மேலே வரும்.

சந்தேகப்பட்ட இடத்தில் ஓர் அடி நீள அகலத்துக்கு மூன்று பக்கம் சவளால் வெட்டி, மூடியைத் திறப்பதுபோல் புல்லைத் தூக்கிப் பார்ப்பேன். வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாக வளைந்து கிடப்பதை எண்ணுவேன். ஐந்துக்குக் கீழே என்றால் புல்லை மூடித் தண்ணீர் விட்டு வந்துவிடலாம். ஆரோக்கியமான வேர் அந்த இழப்பைத் தாங்கும். பத்துக்கு மேலே போனால்தான் வைத்தியம். எண்ணிப் பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் ஒரே மருந்தை ஊற்றுகிற ஆட்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அதை நான் ஏற்பதில்லை.

வைத்தியம் என்பது நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உயிர். வேர்ப்புழுவைத் தேடிப்போய் உடம்புக்குள் நுழைந்து, தன்னோடு கொண்டுபோகும் பக்ரீரியாவை அங்கே விடும். இரண்டொரு நாளில் புழு சாகும், நூற்புழு அதனுள்ளேயே பெருகும். உயிருள்ள மருந்து என்பதால் குளிர்பெட்டியில் வைக்கவேண்டும். வெயில் பட்டால் செத்துவிடும், எனவே பொழுதுபட்ட பிறகுதான் தெளிப்பேன். முன்னும் பின்னும் மண் நனைந்திருக்கவேண்டும். மண்ணின் சூடு 12 பாகைக்குக் கீழே போனால் அது சோம்பிவிடும். ஆகவே ஓகஸ்ட் கடைசியும் செப்டெம்பரும்தான் காலம். புழு சின்னதாகவும் மேல்மட்டத்திலும் இருப்பது அப்போதுதான். ஏப்ரலில் அதே புழு பெருத்து, சாவதற்கு அடம்பிடிக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "தம்பி, இது வெறும் தண்ணியெல்லோ? இதுக்கோ இவ்வளவு காசு?" ட்ரக்கிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, வெள்ளைப் பீங்கானில் சில துளி விட்டுக் கொடுத்தேன். நெடுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது, "ஓமோம், நெளியுது. மாஸ்டருக்கு நீர் பாடம் எடுத்திட்டீர்" என்றார். மனைவியையும் பேரப்பிள்ளையையும் கூப்பிட்டுக் காட்டினார். அன்று மாலை தெளிப்பு முடிய இருட்டிவிட்டது.

நஞ்சில்லாத இந்த வைத்தியத்தை நாங்கள் கற்றுக்கொள்ள நேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. கியூபெக் மாகாணத்தில் ஹட்சன் என்றொரு சிற்றூர். ஜூன் இர்வின் என்ற தோல் மருத்துவர் எண்பதுகளின் நடுவிலிருந்து ஊர்ச்சபைக் கூட்டங்களுக்குப் போய், புல்லுக்கு அடிக்கிற நஞ்சைப் பற்றி விடாமல் கேள்வி கேட்டார். 1991இல் அழகுக்காகப் பூச்சிகொல்லி, களைகொல்லி அடிப்பதை அந்த ஊர் தடைசெய்தது. புற்றரை நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2001 ஜூனில் கனடிய உச்ச நீதிமன்றம் ஊருக்கு அந்த உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ரொறன்ரோவின் தடை 2004இல் வந்தது. ஒன்ராறியோ முழுவதற்குமான சட்டம் 2009 ஏப்ரல் 22இல் நடைமுறைக்கு வந்தது. தொழில் படுத்துவிடும் என்று அன்று பயந்தவர்கள் பலர். நான் அந்தச் சட்டத்தின் பக்கம். வெட்டிய புல்லின் தூசி என் உடம்பிலும் என்னோடு வேலை செய்யும் பிள்ளைகளின் உடம்பிலும் தினமும் படுகிறது. புல்லில் தவழும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே ஒருவன் நஞ்சு தெளிக்கக்கூடாது.

ஆனால் சட்டம் வந்தபிறகு இலையுதிர்காலத்தின் பெறுமதி இரட்டிப்பாகிவிட்டது. முன்பு மே மாதத்தில் களைகொல்லி அடித்து டான்டிலியனைக் கொன்றுவிடலாம். இப்போது டான்டிலியனுக்கு இடம் கொடுக்காத அடர்த்திதான் களைகொல்லி, அந்த அடர்த்தி செப்டெம்பரில்தான் உண்டாகிறது. தப்பி நிற்கும் களைக்கு, அனுமதிக்கப்பட்ட இரும்புச்சத்துக் கரைசல் இருக்கிறது. அகன்ற இலைகள் சில மணிநேரத்தில் கறுத்துவிடும், புல்லுக்குக் கேடில்லை. கையால் பிடுங்கவும் இதுவே காலம். மழைக்குப் பின் நீண்ட கத்தியால் தோண்டினால் ஆணிவேர் முழுசாக வரும்.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. நூறு சதுர மீட்டருக்கு அரைக் கிலோ நைதரசன். உரமூட்டையில் முதல் எண் 25 என்றால் இரண்டு கிலோ உரம். செப்டெம்பர் தொடக்கத்தில் ஒருமுறை, குளிரைத் தாங்கப் பொட்டாசியம் கூடியதாக. இலை வளர்வது நின்று, புல் இன்னும் பச்சையாக இருக்கும் நவெம்பர் முற்பகுதியில் இன்னொருமுறை. இரண்டுக்கும் நடுவில் அவசரப்பட்டு அள்ளிக் கொட்டினால் குளிர் வருகிற நேரத்தில் இளம் இலை துளிர்த்து நீர்கோத்து நிற்கும், பூஞ்சைக்கு அதைவிட விருந்தில்லை. உறைந்த நிலத்தில் ஒருநாளும் போடக்கூடாது. ட்ரைவ்வேயில் சிந்திய மணிகளைக் கூட்டிப் புல்லில் தள்ளாமல் நாங்கள் வீட்டை விட்டுப் போவதில்லை. தெருவோரக் கிறாதிக்குள் விழுவது ஹைலண்ட் கிரீக்குக்கோ ரூஜ் ஆற்றுக்கோ போய், அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது. நாங்கள் குடிக்கிற தண்ணீர் அந்த ஏரியிலிருந்துதான் வருகிறது.

சுண்ணாம்பு வேண்டாம். இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடைகளில் இலையுதிர்கால அடுக்கில் சுண்ணாம்பு மூட்டை அடுக்கியிருப்பதைப் பார்த்து வாங்கிவந்து கொட்டுகிறார்கள். தெற்கு ஒன்ராறியோவின் மண் சுண்ணக்கல்லில் பிறந்தது, ஏற்கனவே காரத்தன்மை உள்ளது. மண் பரிசோதனை கேட்டாலொழிய அது வீண் செலவு, சில வேளை கேடும்கூட.

ஒக்ரோபரில் இலை கொட்டும். இது இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த மாதம், மிக அதிகமாக வாதாடவேண்டிய மாதமும்கூட. முற்றத்தைக் காலையில் விளக்குமாற்றால் கூட்டி, மணலில் கோடு விழ வைத்து வளர்ந்த தலைமுறை எங்கள் அம்மாமார். மேப்பிள் இலை ஒன்று விழுந்தாலும் பொறுக்கமாட்டார்கள். மார்க்கத்தில் ஓர் அம்மா, கடுதாசிப் பைகளில் இலையை அமுக்கி அமுக்கி நிரப்பி வீதியோரம் வரிசையாக வைத்திருந்தார். குளிரில் விரல் சிவந்திருந்தது.

"அம்மா, இதை விட்டிடுங்கோ. நான் மெசினால அரைச்சுப் புல்லுக்கையே விடுறன்."

"குப்பையை வளவுக்கையே விடுறதோ? எனக்கு நித்திரை வராது தம்பி."

"தோட்டத்தில ஐயா குழை தாழ்க்கிறவரெல்லோ? அதுதான் இது."

அவருடைய முகம் மாறியது. யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் பூவரசங் குழையை வண்டி வண்டியாக ஏற்றிவந்து மண்ணில் புதைத்ததைச் சிறுவயதில் பார்த்தவர். குழை தாழ்த்த மண் எப்படிக் கறுத்து இளகும் என்று எனக்கே சொல்லத் தொடங்கினார். மாலை வரை கதை போனது. வீதியில் வைத்த பைகளில் இரண்டைத் திருப்பித் தூக்கிவந்து கொட்டச் சொன்னார்.

இலை காய்ந்திருக்கும்போது, வெட்டுயரத்தைக் கூட்டி, அதன்மேல் இரண்டு தரம் மெசினை ஓட்டவேண்டும். நகத்தளவு துண்டுகளாகிப் புல்லுக்கிடையில் விழுந்துவிடும். அரைத்தபின் மேலிருந்து பார்க்கப் புல் தெரியவேண்டும். தெரியாத அளவுக்கு மூடிவிட்டால் மீதியை வாரி எடுக்கவேண்டும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல வருடம் செய்த சோதனைகளில், இப்படி நொறுக்கிவிட்ட இலை புல்லைக் கெடுக்கவில்லை, டான்டிலியனையும் குறைத்தது என்று கண்டார்கள். என் வாடிக்கை வீடுகளிலும் அதையே காண்கிறேன். நொறுக்காமல் ஈரத்தோடு விட்டால் கதை வேறு. முழு இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி மூடி, பனியின்கீழ் புல்லை அழுகவைக்கும். வேலியோரப் புதர்களின் அடியில் விழுந்ததை மட்டும் நான் தொடுவதில்லை. வண்ணத்துப்பூச்சிக் கூட்டுப்புழுக்களும் பம்பிள்பீ ராணிகளும் குளிரைக் கழிக்கிற இடம் அது.

கடைசி வெட்டு நவெம்பர் முற்பகுதியில். கோடையில் மூன்று அங்குல உயரத்தில் வைத்திருந்த புல்லைப் படிப்படியாக இறக்கி, இரண்டு இரண்டரை அங்குலத்தில் நிறுத்துவேன். ஒரே வெட்டில் மூன்றில் ஒன்றுக்குமேல் எடுக்கக்கூடாது என்ற விதி இப்போதும் பொருந்தும். நீளமாக விட்டால் பனியின் பாரத்தில் சாய்ந்து படுத்து, கீழே ஈரம் தேங்கும். வயலெலி அந்த மறைப்பில் பாதை போடும். பனிப்பூஞ்சையும் அங்கேதான் வரும். சாம்பல்நிறப் பூஞ்சைக்கு இரண்டு மாதமாவது கலையாத பனி மூடியிருக்கவேண்டும். இளஞ்சிவப்புப் பூஞ்சைக்குப் பனியே வேண்டாம், குளிரும் ஈரமும் போதும். ஒட்ட வழித்தாலோ குருத்தடி வெறுமையாகி, உறைந்தும் உருகியும் வரும் ஜனவரியில் செத்துப்போகும். மழுங்கிய அலகால் வெட்டுவதைவிட வெட்டாமல் விடுவது நல்லது. கிழிந்த நுனிகள் பழுத்து நோய்க்கு வாசல் திறக்கும்.

உறைபனி விழுந்த காலைகளில் நாங்கள் வெயில் ஏறும்வரை ட்ரக்கில் காத்திருப்போம். உறைந்த இலையை மிதித்தால் உள்ளிருக்கும் பனித்துகள் கலங்களைக் கிழித்துவிடும். கால் பட்ட இடமெல்லாம் கறுத்து அடையாளம் நிற்கும். அப்படி ஒரு காத்திருப்பில், திருநெல்வேலியிலிருந்து படிக்கவந்து என்னோடு பகுதிநேரம் வேலைசெய்த பையன் கேட்டான்: "அண்ணா, இன்னும் மூணு வாரத்துல எல்லாம் பனிக்குள்ள போயிரும். சாகப்போற புல்லுக்கு எதுக்கு இம்புட்டு வேலை?" வெயில் வந்ததும் அவனையே சவளை எடுக்கச் சொன்னேன். ஏரேஷன் துளை விழுந்த இடம் ஒன்றில் ஒரு கட்டு வெட்டி எடுத்துக் கழுவினான். பழைய பழுப்பு வேர்களுக்கு நடுவே புதிதாக, பால்வெள்ளையில், துளையின் நீளத்துக்கு நேராக இறங்கிய வேர்கள். பக்கத்தில் புளூகிராஸின் நிலத்தடித் தண்டு ஒன்று கூர்நுனியோடு வெற்றிடத்தை நோக்கி ஓடியிருந்தது. மேலே இலை மூன்று கிழமையாக வளரவில்லை. "கீழ இப்பத்தான் வேலை நடக்குது" என்றேன். அடுத்த வீட்டில் அவன் என்னிடம் கேளாமலே ஒரு கட்டு வெட்டிப் பார்த்தான்.

மீதி வேலைகள் கைப்பழக்கம். தெளிப்பான் குழாய்களுக்குள் காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரை வெளியேற்றவேண்டும். வெளிக்குழாயை உள்ளிருந்து அடைத்து, வெளியே திறந்துவிடவேண்டும். தண்ணீர் தேங்கும் பள்ளங்களை மண்ணிட்டு நிரவவேண்டும், இல்லாவிட்டால் ஜனவரி உருக்கத்தில் அங்கே பனிக்கட்டி பிடித்துப் புல் மூச்சடைக்கும். விதைக்கத் தவறிய வெற்றிடம் இருந்தால், மண் நன்றாகக் குளிர்ந்து முளைக்கமுடியாத நவெம்பர் கடைசியில் விதையைத் தூவி விடலாம். உறங்கிக் கிடந்து ஏப்ரலில் முளைக்கும். இது செப்டெம்பர் விதைப்புக்கு ஈடில்லை, ஆனாலும் மே மாத விதைப்பைவிட மேல்.

உப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். ட்ரைவ்வே ஓரமும் நடைபாதை ஓரமும் வசந்தத்தில் ஒரு முழ அகலத்துக்குச் செத்துக் கிடப்பதற்குக் காரணம் குளிரில்லை, வழுக்காமலிருக்கத் தூவுகிற உப்பு. அதிலுள்ள சோடியம் களிமண்ணிலுள்ள கல்சியத்தை இடம்பெயர்த்து, மண்ணின் பொரபொரப்பைக் குலைத்துவிடும். ஜிப்சம் போட்டு வசந்தத்தில் நிறையத் தண்ணீர்விட்டு அலசினால் ஓரளவு மீளும். அந்த ஓரங்களில் உப்பைத் தாங்கும் ஃபெஸ்க்யூவை விதைக்கலாம். படிக்கட்டுக்கு உப்பு வேண்டியதுதான், முதியவர்கள் விழக்கூடாது. ட்ரைவ்வேக்கு மணல் போதும். பனியை அள்ளிக் குவிப்பதற்கு எந்த மூலை என்று இலை கொட்டும் காலத்திலேயே வீட்டுக்காரரோடு நின்று முடிவு செய்வேன். உப்புப் படிந்த பனி வருடாவருடம் ஒரே இடத்தில் குவிந்தால் அங்கே புல்லை மறந்துவிட வேண்டியதுதான்.

புற்றரையின் விளிம்பைக் காட்டும் செம்மஞ்சள் குச்சிகளை நடுவதுதான் கடைசி. பனி ஓர் அடி மூடியபின் கலப்பை பூட்டிய ட்ரக்கின் சாரதிக்கு எது தார், எது புல் என்று தெரியாது. ஒரு தரம் அலகு ஏறினால் செப்டெம்பரில் போட்ட வேரெல்லாம் பத்தையாகப் பெயர்ந்து வந்துவிடும். ட்ரைவ்வேயின் இரு பக்கமும் ஆறடிக்கு ஒன்றாக, விளிம்பிலிருந்து நாலங்குலம் உள்ளே தள்ளி நடுகிறோம். நிலம் இறுகிவிட்டால் சுத்தியலுக்கும் குச்சி இறங்காது. அதனால் நவெம்பர் நடுப்பகுதிக்குள் எல்லா வீடுகளுக்கும் நட்டு முடித்து, அதே ட்ரக்கில் வெட்டும் மெசின்களை இறக்கிவிட்டுக் கலப்பையைப் பூட்டுவோம்.